காட்டு இறைச்சியைத் தணலில் சுட: முதல்முறை இறங்குபவர்களுக்கு

வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர் தன் ஃப்ரீசரைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். "மான் முதுகுக்கறி. சும்மா உப்பும் மிளகும் போட்டுச் சுடு, போதும்" என்றார். மறுநாள் உறைபனி விட்டதும் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. விரலால் அழுத்தினேன், வெண்ணெய் மாதிரிப் பிசுக்கென்று ஒட்டியது. மான் கொழுப்பு அப்படி இருக்காது. மெழுகுவத்தியைத் தொட்டதுபோல் கட்டியாக இருக்கும், கிள்ளினால் உதிரும். போன் போட்டேன். "அய்யோ, அது காட்டுப்பன்றி! பொட்டலம் மாறிப்போச்சு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுப்பைத் தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், மான் என்றே நம்பி உள்ளே சிவப்பு மாறாமல் இறக்கியிருப்பேன். காட்டுப்பன்றியை அப்படிச் சாப்பிடுவது ஆபத்து. அன்றிலிருந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நான் கரி மூட்டுவதில்லை. இது என்ன விலங்கு? உடம்பில் எந்தப் பகுதி? விலங்கு தெரிந்தால் எவ்வளவு சூடு வரை வேக வேண்டும் என்பது தெரிந்துவிடும். பகுதி தெரிந்தால் அந்தச் சூட்டை வேகமாக ஏற்றுவதா, மெதுவாக ஏற்றுவதா என்பது தெரிந்துவிடும். மசாலாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இந்தக் கட்டுரை, சட்டப்படி உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வேட்டையாடிய இறைச்சி கைக்கு வந்தவர்களுக்கானது. உங்கள் நாட்டில் வேட்டைக்கு அனுமதி இல்லையென்றால், பண்ணையில் வளர்த்த மான், காடை, முயல் ஆகியவற்றுக்கும் இதே செய்முறை பொருந்தும்.

காட்டு இறைச்சி ஏன் வேறு

காட்டில் திரியும் விலங்குக்கு யாரும் தீவனம் போட்டுக் கொழுக்க வைப்பதில்லை. நாள் முழுவதும் நடக்கும், ஓடும். அதனால் தசை கருஞ்சிவப்பாக, இறுக்கமாக இருக்கும். தசைக்குள் ஊடாடும் கொழுப்பு மிகக் குறைவு. மான் தசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருந்தாலே அதிகம். வீட்டு விலங்கின் இறைச்சி தணலில் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் உள்ளிருக்கும் கொழுப்பு உருகி அதைக் காப்பாற்றிவிடும். மானுக்கு அந்தக் காவல் கிடையாது. பதம் தாண்டிய இரண்டாவது நிமிடம் செருப்புத் தோல் ஆகிவிடும்.

இன்னொரு வேறுபாடு: அறுப்புக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை குத்திய இறைச்சி இல்லை இது. எங்கே மேய்ந்தது, எதைத் தின்றது, உடம்பில் என்ன புழு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆக ஒரு பக்கம் பயம், மறுபக்கம் வறட்சி. பயந்தவர் கருக்கிவிடுகிறார். பயப்படாதவர் பச்சையாகத் தின்று படுத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவே நிற்க ஒரே ஒரு கருவி போதும், உடனடி அளவு காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஊசிமுனை மெல்லியதாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஒரு டம்ளர் நிறையப் பனிக்கட்டி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதில் விட்டுப் பாருங்கள். 0 டிகிரி காட்டினால் நம்பலாம். இந்தக் கட்டுரையில் டிகிரி என்றாலே செல்சியஸ்தான்.

எந்த விலங்குக்கு எவ்வளவு சூடு

காட்டுப்பன்றியும் கரடியும்: துண்டின் நடுப்பகுதி 71 டிகிரி. இதில் பேரமே இல்லை. டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழுவின் இளம்புழுக்கள் இவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டு கிடக்கலாம். "அதுதான் ஃப்ரீசரில் போட்டு வைத்தோமே" என்பார்கள். வீட்டுப் பன்றியில் வரும் வகை, 15 சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாத துண்டுகளை -15 டிகிரியில் 20 நாள் வைத்தால் செத்துவிடும். காட்டு விலங்குகளில் வரும் சில வகைகள் உறைபனியைத் தாங்கிப் பிழைப்பவை. குளிர்ப் பிரதேசக் கரடிகளில் இருப்பது அதற்குப் பேர்போனது. உப்புக்கண்டம் போடுவதும் புகைபோடுவதும்கூட நம்பத் தகுந்தவை அல்ல. சூடு ஒன்றுதான் கணக்கு.

பறவைகளுக்கு 74 டிகிரி. வாத்து, காடை, கௌதாரி, ஃபெசன்ட் எதுவானாலும் அதேதான். முயலுக்கும் 74 என்றே வைத்துக்கொள்ளுங்கள். காட்டு முயலைப் பொறுத்தவரை அடுப்பைவிட வெட்டும் பலகைதான் அபாயமான இடம். துலரீமியா என்ற நோய்க்கு முயல் காய்ச்சல் என்றே இன்னொரு பெயர் உண்டு. தோலுரிக்கும்போது கையில் இருக்கும் சிறு கீறல் வழியாகவே அந்தக் கிருமி உள்ளே போய்விடும். கையுறை போடாமல் காட்டு முயலைத் தொடாதீர்கள். ஈரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் மொத்த உடலையும் அப்புறப்படுத்துங்கள். காட்டுப்பன்றியை வெட்டும்போதும் கையுறை வேண்டும். அதில் புருசெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம்.

பறவை, முயல் தவிர எந்த விலங்கின் கொத்துக்கறியானாலும் 71. முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது நடுவுக்கும் போய்விடும்.

இனி மான். வாக்குவாதம் இதில்தான். அமெரிக்க வேளாண் துறை காட்டு மானுக்கும் 71 டிகிரியே சொல்கிறது. வேட்டைக்காரர்களில் பாதிப் பேர் முதுகுக்கறியை 55, 57-இலேயே இறக்கி, உள்ளே சிவப்பாகச் சாப்பிடுகிறார்கள். அந்தச் சுவை பிரமாதமாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மானிலும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். குடல் கிழிந்து கறியில் பட்டிருந்தால் ஈ.கோலி என்ற பாக்டீரியாவும் சேரும். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் தட்டில் சிவந்த மான்கறி வரவே கூடாது. முதல்முறை செய்பவர்களும் 71-லேயே பழகுங்கள். 71-இலும் சாறு வற்றாமல் சுட முடியும், அதற்கான வழிகளைத்தான் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மான் தசையில் மயோகுளோபின் என்ற நிறமி அதிகம். நன்றாக வெந்த பிறகும் கருஞ்சிவப்பாகவே தெரியலாம். கொத்துக்கறி நேர்மாறு, 71-ஐத் தொடும் முன்பே பழுப்பாகி ஏமாற்றிவிடும்.

கொடுத்தவரிடம் கேட்க வேண்டியவை

கறி கொடுப்பவரிடம் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள். குண்டு வயிற்றில் பட்டதா, மார்பில் பட்டதா? வயிற்றில் பட்டுக் குடலோ சிறுநீர்ப்பையோ கிழிந்திருந்தால் அந்தச் சுற்றுவட்டாரக் கறி வேண்டாம். குடலை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது, எப்போது குளிரூட்டினார்கள்? 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் பாக்டீரியா பல்கிப் பெருகும். வெயில் நாளில் சாயங்காலம் வரை வண்டியின் பின்புறம் கிடந்த மானை எந்த மசாலாவும் மீட்காது. கவுச்சி என்று நாம் சொல்லும் வாடையில் பாதி இப்படி வருவதுதான்.

மான் என்றால் இன்னொரு கேள்வி உண்டு: சி.டபிள்யூ.டி. சோதனை செய்தார்களா? மான் இனங்களை உருக்கி மெலிய வைத்துக் கொல்லும் நோய் இது. 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2016-இல் நார்வேயின் காட்டு ரெயின்டீர்களிலும் கண்டறியப்பட்டது. இதைப் பரப்பும் ப்ரியான் என்ற புரதம் எந்தச் சமையல் சூட்டிலும் அழிவதில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறைகளின் அறிவுரை. நோய் பரவியுள்ள பகுதியில் வேட்டையாடியதென்றால் சோதனை முடிவு வரும் வரை பொட்டலம் ஃப்ரீசரிலேயே கிடக்கட்டும். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், டான்சில், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றை எந்த மானிலும் தொடாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, குண்டு ஈயமா, செம்பா? ஈயக் குண்டு எலும்பில் பட்டால் பொடிப்பொடியாகச் சிதறும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத துணுக்குகள், குண்டு போன பாதையிலிருந்து ஒரு சாண் தூரம்கூடப் போய் உட்கார்ந்திருக்கும். ஈயம் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பில் ஊறவைக்கவும் வேண்டாம். புளிப்பு ஈயத்தைக் கரைத்துக் கறியில் இறக்கிவிடும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயக் குண்டில் விழுந்த விலங்கின் கறியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கத்தி வேலை

ஃப்ரீசரில் இருந்த கறியை முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு தட்டுக்குள் வைத்துவிடுங்கள். மேடையில் வைத்து இளக விடுவது வேண்டாம். நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெடத் தொடங்கிவிடும். கறியைக் குழாயில் கழுவவும் வேண்டாம். தெறிக்கும் துளிகளோடு கிருமியும் சமையலறை முழுக்கப் பரவும். காகிதத்துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

இப்போது நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். அவசரம் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. கறுத்து, ஜெல்லி மாதிரிக் கன்றிப்போன ரத்தக்கட்டு இருந்தால் வெட்டி எறியுங்கள். பறவை என்றால் விரல் நுனியால் மார்பு முழுக்கத் தடவுங்கள். துப்பாக்கி ரவை நுழைந்த இடத்தில் சிறு கருநீலத் துளை தெரியும். கத்தி முனையால் கிளறினால் ரவையோடு ஒரு பொடி இறகும் சுருட்டிக்கொண்டு வரும். அந்த இறகை எடுக்காமல் விட்டால், ரவையை எடுத்தும் பயனில்லை; அழுக்கை உள்ளே இழுத்துப் போனது அதுதான்.

மான் முதுகுக்கறியின் மேல் வெள்ளிக் காகிதம் ஒட்டியதுபோல் ஒரு ஜவ்வு இருக்கும். பல பேர் இதை விட்டுவிட்டு, கறி முறுக்கிக்கொண்டது, மெல்ல முடியவில்லை என்று மானைத் திட்டுவார்கள். சூடு பட்டதும் ஜவ்வு சுருங்கித் துண்டையே வில்லாக வளைத்துவிடும். தணலில் அது கரையவும் கரையாது. ஒரு முனையில் கத்தியை ஜவ்வுக்கு அடியில் நுழைத்து, இரண்டு விரல் அகலம் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிந்த முனையை இடது கையால் இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டே, கத்தியின் விளிம்பை லேசாக ஜவ்வுப் பக்கம் சாய்த்து முன்னே தள்ளுங்கள். விளிம்பு கறிப் பக்கம் சாய்ந்தால் நல்ல தசை போய்விடும். முதல் தடவை எனக்குக் கால் கிலோ கறி ஜவ்வோடு போனது. மூன்றாம் தடவை நாடா மாதிரி ஒரே இழுப்பில் வந்தது.

மானின் வெள்ளைக் கொழுப்பையும் முழுதாக நீக்குங்கள். அது உருகும் சூடு அதிகம் என்பதால், வாய்க்குள் போனதும் ஆறி மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். கவுச்சியின் மீதிப் பாதி இங்கே இருக்கிறது. அதற்குப் பதில் வெண்ணெயோ எண்ணெயோ வெளியிலிருந்து கொடுப்போம். காட்டுப்பன்றியின் கொழுப்பு அப்படி அல்ல. நல்ல வாசனையாக இருந்தால் அரை விரல் கனம் விட்டு வையுங்கள். வாடை தெரியாவிட்டால் ஒரு துணுக்கை வாணலியில் போட்டு உருக்கி முகர்ந்து பாருங்கள். மூக்கு உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்.

உப்பும் ஊறலும்

காட்டு இறைச்சிக்கு என்னைக் கேட்டால் ஒரே ஒரு ஊறல்தான் அவசியம்: உப்பு. ஒரு கிலோ கறிக்கு 10 முதல் 12 கிராம் உப்பை முதல் நாள் இரவே எல்லாப் பக்கமும் தூவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் கறியின் மேல் வியர்த்திருக்கும். அந்த நீரில் கரைந்து உப்பு மெல்ல உள்ளே திரும்பும். தசைப் புரதம் கொஞ்சம் இளகி, சூடுபட்டாலும் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். 71 டிகிரி வரை போக வேண்டிய கறிக்கு இது இன்றியமையாதது. காலையில் மேற்பரப்பு காய்ந்து பளபளவென்று இருக்கும், தணலில் போட்டதும் அழகாகச் சிவக்கும்.

பறவைக்கு உப்புத் தண்ணீர் நல்லது. ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பு கரைத்து, ஃப்ரிட்ஜில் 4 முதல் 6 மணி நேரம். காடை போன்ற சிறிய பறவைக்கு இரண்டு மணி நேரமே தாராளம்.

புளிப்பான மசாலாவில் இரண்டு நாள் ஊறவைத்தால் கறி பூப்போல ஆகும் என்பது பரவலான நம்பிக்கை. அனுபவத்தில் அப்படி நடப்பதில்லை. புளிப்பு சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. மேற்பரப்பு மட்டும் மாவாகக் குழைந்து, உள்ளே பழைய இறுக்கமே இருக்கும். தயிர், பூண்டு, மிளகு கலந்த ஊறல் தொடைக்கறித் துண்டுகளுக்கு நன்றாகச் சேரும், நாலு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தேனோ சர்க்கரையோ சேர்ப்பதானால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். முதலிலேயே போட்டால் வெளியே கரியும் உள்ளே பச்சையுமாகத்தான் முடியும். பச்சைக்கறி ஊறிய நீரைச் சுடும்போது மேலே தடவ ஆசைப்பட்டால், நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே தடவ வேண்டும்.

தணல்

மூடி உள்ள கிரில்தான் இந்த வேலைக்குத் தோது. திறந்த வெளியில் மட்டும் மூட்டுங்கள். கொட்டகைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

கரி முழுவதையும் ஒரே பக்கம் குவியுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். கேஸ் கிரில் என்றால் ஒரு பக்க பர்னரை மட்டும் எரிய விடுங்கள். இதுதான் இருபக்கத் தணல், மொத்தச் செய்முறையும் இதன்மேல்தான் நிற்கிறது. கரிப் பக்கம் நிறம் கொடுக்க, வெற்றுப் பக்கம் வேகவைக்க. கரி பற்றவைக்க மண்ணெண்ணெய் வகையறாக்களை ஊற்ற வேண்டாம், கொழுப்பில்லாத கறியில் அந்த வாடை அப்படியே தெரியும். புகை மணத்துக்கு விறகு போடுவதானால் ஓக், ஆப்பிள் போன்ற கடினமான, பிசின் இல்லாத மரமாகப் பாருங்கள். பெயின்ட் அடித்த பலகைத் துண்டுகள் கூடவே கூடாது.

கரி மூட்டி 20, 30 நிமிடத்தில் சாம்பல் பூக்கும். அதற்கு முன் கறி போடாதீர்கள். கம்பிக்கு மேல் நாலு விரல் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் கடும் சூடு, ஐந்தாறு வரை தாங்கினால் நடுத்தரம். கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, எண்ணெய் நனைத்த துணியை இடுக்கியில் பிடித்து ஒரு துடைப்புத் துடையுங்கள். கறியின்மேலும் எண்ணெய் தடவுங்கள். தடவாவிட்டால், கொழுப்பில்லாத கறி கம்பியோடு ஒட்டிக்கொண்டு திருப்பும்போது கிழியும்.

மான் முதுகுக்கறி: ஒரு முழுச் சுடல்

நான்கைந்து சென்டிமீட்டர் கனமுள்ள முழுத்துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வில்லைகளாக வெட்டித் தணலில் போடும் பழக்கம் மானுக்கு ஆகாது. நிறம் வருவதற்குள் வறண்டுவிடும்.

உப்பு போட்டு வைத்த துண்டை எண்ணெய் தடவி வெற்றுப் பக்கத்தில் வையுங்கள். மூடியைக் கவிழ்த்து, காற்றுத் துளையைப் பாதி திறந்து வையுங்கள். உள்ளே 120 முதல் 135 டிகிரிக்குள் நின்றால் சரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, உருக்கிய வெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, அதைத் தூரிகையால் தடவிக்கொண்டே வாருங்கள். கடிகாரத்தை நம்ப வேண்டாம். துண்டின் கனத்தைப் பொறுத்து அரை மணியும் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம். தெர்மாமீட்டர் ஊசியைப் பக்கவாட்டில், துண்டின் சரி நடுவுக்குப் போகும்படி குத்துங்கள். எலும்பில் பட்டால் தப்பாகக் காட்டும்.

65 டிகிரி காட்டியதும் கரிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். இப்போது மூடி வேண்டாம், இடத்தை விட்டு நகரவும் வேண்டாம். ஒரு பக்கம் ஒரு நிமிடம். சீறும் சத்தமும், வெண்ணெய் சொட்டி ஒரு சிறு தீநாக்கும் எழும். தீ பெரிதானால் கறியை வெற்றுப் பக்கம் தள்ளி அணையும் வரை பொறுங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் அப்பும். நாலு பக்கமும் திருப்பி மறுபடி குத்துங்கள். 71 காட்டினால் எடுத்துச் சுத்தமான தட்டில் வையுங்கள். பச்சைக்கறி கொண்டுவந்த தட்டும் இடுக்கியும் இதற்குள் கழுவும் தொட்டிக்குப் போயிருக்க வேண்டும்.

மெதுவாக ஏற்றிக் கடைசியில் நிறம் கொடுப்பதால்தான் இது வேலை செய்கிறது. கடும் தணலில் தொடங்கினால் நடு 71-ஐத் தொடும்போது வெளிப்புறம் 90-ஐத் தாண்டியிருக்கும், பாதித் துண்டு வறண்ட பஞ்சாகிவிடும். மெதுவாக ஏறிய துண்டில் விளிம்பிலிருந்து நடு வரை ஒரே பதம்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது இந்த இடத்துக்காகவே சொன்னதுபோல் இருக்கும். எட்டு நிமிடம் விட்டுவிடுங்கள். உடனே வெட்டினால் பலகையில் ஓடும் சாறு உங்கள் வாய்க்குப் போயிருக்க வேண்டியது. பிறகு நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, பென்சில் கனத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். நன்றாக வெந்த மான்கறியை மென்மையாக்குவதில் பாதி வேலை இந்தக் குறுக்குவெட்டுதான் செய்கிறது. தட்டில் கிடந்த சாற்றை மேலே ஊற்றி, இன்னும் கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகை மிளகு. அவ்வளவுதான்.

மற்றவை

கொத்துக்கறியில் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் பன்றி அல்லது மாட்டுக் கொழுப்பு சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். வெறும் மான் கொத்துக்கறி கம்பியிடுக்கில் உதிர்ந்து தணலில் விழும். சில்லென்று இருக்கும்போதே இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் போடுங்கள். இல்லாவிட்டால் பந்தாக உப்பும். கரண்டியால் அழுத்திச் சீற வைக்கும் ஆசையை அடக்குங்கள், வெளியேறுவது சாறு. முதல்முறை செய்பவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். 71 டிகிரியிலும் சுலபமாகச் சுவைக்கும், தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

காட்டுப்பன்றியில் முதுகுக்கறியைவிடத் தோள்கறியை எடுங்கள். வெற்றுப் பக்கத்தில் மூடி போட்டு மூன்று நான்கு மணி நேரம் விட்டால், நடுச் சூடு 90-ஐத் தாண்டும்போது கொலாஜன் என்ற இணைப்புத் திசு கரைந்து பிசுபிசுப்பான சாறாகும், முள்கரண்டியால் இழுத்தாலே நார்நாராகப் பிரியும். புழு பற்றிய பயம் 71-லேயே முடிந்துவிட்டது. சுவை அதற்கு மேலேதான் தொடங்குகிறது. பயப்பட வேண்டிய விலங்கில் இப்படி அதிகச் சூடு கேட்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதுகாப்புக்காகச் சுவையை விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

பறவையின் முதுகெலும்பைக் கத்தரியால் இருபுறமும் நறுக்கி எடுத்து, மார்பை உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்குங்கள். சமமாக வேகும். தோல் மேல்பக்கமாக வெற்றுப் பக்கத்தில் தொடங்கி, கடைசியில் கரிப் பக்கத்தில் தோலை மொறுமொறுப்பாக்குங்கள். தரையில் ஓடித் திரியும் ஃபெசன்ட்டின் கால் நரம்பும் நாருமாக இருக்கும். அதைத் தனியே பிரித்து முதலில் பானையில் வேகவைத்துவிடுவது என் வழக்கம். காட்டு வாத்துத் தோலுக்கு அடியில் கொழுப்பு இருந்தால் அதைச் சதை படாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள், உருகி வெளியேறும். சொட்டும் கொழுப்பில் தீ எழும்பாமல் கண்ணை அங்கேயே வையுங்கள்.

முயலைத் துண்டுகளாக்கி, எண்ணெயும் பூண்டும் தடவி, அடிக்கடி வெண்ணெய் பூசிச் சுடலாம். வயதான முயல் தணலுக்கு ஆகாது. மான் கழுத்து, முன்கால், கணுக்கால் பகுதிகளும் அப்படியே. அவற்றைக் குழம்பில் போடுங்கள். ஆசை விடாவிட்டால் பானையில் மெத்தென்று வேகவைத்து, கடைசியில் ஐந்து நிமிடம் தணலில் காட்டி எடுங்கள்.

மிச்சம் இருந்தால்

சுட்ட கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கினால் 74 டிகிரி வரை. என் வீட்டில் மறுநாள் சூடாக்குவதில்லை. மெல்லியதாகச் சீவி, குளிர்ந்தபடியே ரொட்டிக்குள் வைத்துவிடுவோம். மான்கறி அப்படித்தான் இன்னும் நன்றாக இருக்கிறது.

சுடாமல் மீந்த பச்சைக்கறியைக் காற்று புகாமல் இறுக்கிச் சுற்றி, அழியாத பேனாவால் மேலே எழுதிவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள்: விலங்கு, பகுதி, தேதி, குண்டு ஈயமா செம்பா. என் நண்பரும் இப்போதெல்லாம் எழுதுகிறார். போன மாதம் கொடுத்த பொட்டலத்தின் மேல் "மான்" என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.